போகிறவனைக் கூப்பிடும் வீரன்

சந்தேகப்படுவது என் தொழில். திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் தொடங்கித் தடித்தடியான நாவல் வரைக்கும், அச்சுக்குப் போவதற்கு முன்னால் படித்துப் பிழை திருத்திக் கொடுக்கும் வேலை. ஒரு வரி சரியாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே நம்பிவிட்டால் இந்த வேலையில் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கீரைக்கட்டைப் பிரித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன். ஷேர் ஆட்டோக்காரர் சில்லறை இல்லை என்றால் அவருடைய சட்டைப் பையைத்தான் முதலில் பார்ப்பேன். பால் பாக்கெட்டில் தேதியைப் பார்த்துவிட்டாயா என்று என்னைக் கேட்டுக்கொண்டுதான் என் கணவர் காபி டம்ளரைக் கையில் எடுப்பார். கிண்டலுக்குத்தான் கேட்கிறார் என்று சொல்வார். அதையும் நான் முழுதாக நம்பியதில்லை.

என் தங்கை இதற்கு நேர் எதிர். தில்லைநகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. காலையிலிருந்து சாயங்காலம் வரை அரை இருட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எதிரில் இருப்பவர் சொல்வதை நம்பித்தான் அவள் பவர் எழுத முடியும். ஆகவே எல்லோரையும் நம்புவாள். அப்பா போன பிறகு அம்மாவும் அவளும் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். என் வீடு உறையூரில். அவளுக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை என்பதுதான் அம்மாவின் ஒரே பேச்சு. வந்த இரண்டு வரன்களையும் நான்தான் கெடுத்தேன் என்பது அம்மாவின் கட்சி. ஒருவர் தன் சம்பளத்தைக் கேட்டபோதெல்லாம் வேறு வேறு தொகை சொன்னார், இன்னொருவர் போட்டோவில் கட்டியிருந்த கைக்கடிகாரம் கணினியில் ஒட்டியது. நான் என்ன செய்ய முடியும்?

மூன்றாவது வரன் எங்கள் அச்சக முதலாளி மூலமாக வந்தது. மாப்பிள்ளை ஒரு கதாசிரியர். முசிறியில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பம். இவர் திருச்சியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, கைபேசிச் செயலி ஒன்றில் வாரா வாரம் சரித்திரத் தொடர்கதை எழுதினார். கதை முடிகிற கட்டத்தில் இருந்தது. அதைப் புத்தகமாகப் போட முதலாளியிடம் வந்தவர், பேச்சுவாக்கில் தனக்குப் பெண் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, உன் தங்கச்சிக்குப் பாக்கலாமே" என்றார்.

விஷயத்தைச் சொன்னபோது தங்கையின் முகம் சிவந்துபோனதைப் பார்த்துத்தான், அவள் இரண்டு வருடமாக அந்தக் கதையின் வாசகி என்பது எனக்குத் தெரிந்தது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கைபேசியில் படித்துக்கொண்டு போனது அந்த வீரனின் கதையைத்தான்.

வீரன் காவிரிக் கரைக் காவல்காரன். எந்த ராஜா காலம் என்று ஆசிரியர் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார். கறுப்புக் குதிரை, குட்டை வாள், மிகக் குறைந்த பேச்சு. ஓடத்தில் ஏறும் கொள்ளையர், கரையை உடைத்துத் தண்ணீரைத் திருடுகிறவர், அறுவடைக் களத்தில் புகும் குதிரைத் திருடர் என்று வாரத்துக்கு ஒரு ஆபத்து வரும். அத்தியாயம் முடியும்போது ஒரு தலை விழும். வீரன் வாளை ஆற்றில் கழுவிக்கொண்டு போய்விடுவான். யாராவது நன்றி சொன்னால் நின்றுகூடக் கேட்க மாட்டான். தங்கைக்கு அதுதான் பிடித்திருந்தது.

பெண் பார்க்க வந்தபோது மனிதர் குறை சொல்ல முடியாதபடி இருந்தார். மெல்லிய குரல். கேசரியை வழித்துச் சாப்பிட்டு, தட்டைத் தானே எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தார். முசிறியிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா, "எங்க தம்பி ஒரு எறும்பக்கூட மிதிக்க மாட்டான்ங்க" என்றார். இதுவரை எனக்கு யாரையும் பிடிக்காததால் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆடி கழிந்து ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மண்டபம் சாலையில் ஒரு சிறிய கூடத்தில் அவருடைய வாசகர்கள் கூடினார்கள். தங்கை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எல்லோரும் பேசி முடித்தபின் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி எழுந்து, "வாராவாரம் ஒரு கொலை பண்றவனை நாம ஏங்க காவல்காரன்னு சொல்றோம்?" என்று கேட்டார். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கதாசிரியர் கொஞ்சமும் கோபப்படவில்லை.

"கன்னுக்குட்டி போட்ட பசு கிட்ட வர்ற நாயை முட்டுது. அதை யாராவது முரட்டு மாடுன்னு சொல்லுவாங்களா? என் வீரன் ஒரு தடவைகூட முதல்ல வாளை உருவினதில்லைங்க. அவனுக்குக் கோவமே கிடையாது. காக்கிறதுக்கு மட்டும்தான் அவன் வாள்."

பலமாகக் கைதட்டினார்கள். எல்லோரும் நிறுத்திய பிறகும் தங்கை தட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்மணி சமாதானமாகாமலேயே உட்கார்ந்தார். எனக்கும் ஏதோ இடித்தது. நாங்கள் உப்பிலியபுரத்தில் இருந்தபோது வீட்டில் மாடு இருந்தது. கன்று போட்ட பசு நாயை விரட்டுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நாய் வேலியைத் தாண்டியதும் பசு திரும்பி வந்து கன்றை நக்கத் தொடங்கிவிடும். நாய்க்குப் பின்னாலேயே அடுத்த தெருவுக்குப் போனதாக நினைவில்லை. இதை எழுந்து சொல்லியிருக்கலாம். தங்கையின் வருங்கால மாப்பிள்ளையைச் சபையில் மடக்குவது நன்றாக இருக்காது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

புத்தகத்தின் மெய்ப்பு என்னிடம்தான் வந்தது. முதல் தடவை எல்லோரையும்போல முன்னாலிருந்து படித்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த மனிதருக்கு எழுத வரும். மதகு உடையும் அத்தியாயத்தில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எதிரியின் தலை விழுந்தபோது நன்றாக வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். கதையில் போன வேகத்தில் பல பிழைகளை விட்டுவிட்டதைப் பிறகு முதலாளி காட்டிக் கேலி செய்தார். அந்த மயக்கத்தில் பசு விவகாரத்தை மறந்து, தங்கைக்காகச் சந்தோஷப்படக்கூடத் தொடங்கினேன்.

ஆடித் தள்ளுபடியில் போர்வை, திரைச்சீலை எடுக்கவேண்டும் என்று தங்கையும் நானும் ஒரு சாயங்காலம் என்.எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். ஆபீஸ் முடிந்து அவரும் வந்து சேர்ந்துகொண்டார். மூட்டையை அவரே தூக்கினார். திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். பாலத்தில் போகும்போது காவிரியில் தண்ணீர் இரு கரையும் முட்ட ஓடியதை எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று டிரைவர் பிரேக் போட்டார். காய்கறிப் பையோடு நின்றிருந்த ஒரு ஆள் தங்கைமேல் போய் விழுந்தார். விழுந்த வேகத்தில் எழுந்து, "மன்னிச்சுக்கங்கம்மா, பிடிமானம் இல்லாம போச்சு" என்றார். தங்கை "பரவால்லைங்க" என்றாள். அத்தோடு முடிந்த கதை அது.

மாம்பழச்சாலையில் அந்த ஆள் இறங்கினார். அவருக்குப் பின்னாலேயே நம் கதாசிரியரும் இறங்குவதைப் பார்த்து, ஒன்றும் புரியாமல் மூட்டையை எடுத்துக்கொண்டு நாங்களும் இறங்கினோம். அந்த ஆள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தார். இவர் பின்னாலிருந்து, "ஏய், நில்லு" என்றார். சத்தமாகக்கூட இல்லை. அவர் திரும்பினார். பளாரென்று ஓர் அறை, உடனே இன்னொன்று. கத்தரிக்காய் ரோடெல்லாம் உருண்டது. அந்த ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமல், மறுபடியும் மன்னிப்புக் கேட்டார்.

எங்களிடம் வந்தபோது கதாசிரியருக்கு மூச்சு வாங்கவில்லை. "இனிமே எவனும் உங்க தங்கச்சி பக்கம் வர மாட்டான்க்கா" என்று என்னிடம் சொல்லி மூட்டையை வாங்கிக்கொண்டார். தங்கையைப் பார்த்தேன். முதலில் பயந்துதான் போயிருந்தாள். வீடு வருவதற்குள் அந்தப் பயம் வேறு ஏதோவாக மாறிவிட்டது. "எனக்காக இதுவரைக்கும் யாருமே இப்படி நின்னதில்ல அம்மா" என்று அம்மாவிடம் அவள் சொன்னபோது குரலில் பெருமை இருந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அந்தப் பெருமையைக் கெடுக்கவும் மனம் வரவில்லை.

இரண்டாம் மெய்ப்பு அதற்கு அடுத்த வாரம் வந்தது. எங்கள் தொழிலில் இரண்டாம் மெய்ப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்போம். கடைசிப் பத்தி, அதற்கு முந்தைய பத்தி, அதற்கும் முந்தையது என்று பின்னாலேயே போவோம். முன்னாலிருந்து படித்தால் கதை கண்ணை இழுத்துக்கொண்டு ஓடிவிடும், பிழை தப்பிவிடும். பின்னாலிருந்து படித்தால் கதை அறுந்து, சொற்கள் மட்டும் நிற்கும்.

அப்படிப் படித்தபோது முதலில் தலை விழுந்தது. அதற்கு முந்தைய பத்தியில் வாள் உருவப்பட்டது. அதற்கும் முந்தைய பத்தியில் வீரன் "நில்!" என்று சொன்னான். அதற்கும் முன்னால், எதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான்.

எனக்கு மாம்பழச்சாலை ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய அத்தியாயத்தை எடுத்தேன், அதற்கும் முந்தையதை எடுத்தேன். ஓடத்துக் கொள்ளைக்காரன் கத்தியை ஆற்றில் எறிந்துவிட்டுக் கரையேறியிருந்தான். கரையை உடைத்தவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வயல் வரப்பில் போய்க்கொண்டிருந்தான். குதிரைத் திருடன் குதிரையை விட்டுவிட்டு ஓடினான். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர்கள். வீரன் அவர்களைக் கூப்பிட்டான், அவர்கள் திரும்பியபோது கையில் ஏதாவது இருந்தது, அல்லது இருந்ததுபோல் அவனுக்குத் தோன்றியது. முன்னாலிருந்து படித்தபோது நடந்த அநியாயத்தின் சூட்டில் எனக்கு அந்த முதுகுகள் கண்ணில் படவேயில்லை. ஆபத்து போன பிறகுதான் இவனுக்கு வாள் தேவைப்படுகிறது. அப்படியானால் இவன் எதைக் காக்கிறான்?

காகிதங்களை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே ஸ்ரீரங்கம் போய்த் தங்கையிடம் காட்டினேன். நிதானமாகத்தான் கேட்டாள்.

"விட்டா மறுபடி வருவான்ல? அடிச்சாத்தானே அடுத்த தடவை வர மாட்டான்" என்றாள்.

"வருவான்னு யாருக்குத் தெரியும்? பஸ்ஸுல விழுந்தாரே, அவரு மறுபடி எங்க வரப்போறாரு?"

"அவரு எனக்காகத்தானே பண்ணாரு."

"நீதான் பரவால்லைன்னு சொல்லிட்டியேடி. அதுக்கப்புறம் யாருக்காகப் பண்ணாரு?"

அவளுக்கு முகம் மாறிவிட்டது. "நீ கதை படிக்கிறதே தப்பு கண்டுபிடிக்கத்தான். சம்பளம் மாத்திச் சொன்னாரு, வாட்ச் ஒட்டினது, இப்ப கதையில வர்றவன் முதுகு. உன்னாலதான்க்கா நான் இப்படியே உட்கார்ந்திருக்கேன். காவல் காவல்னு சொல்லி வர்றவங்களையெல்லாம் நீயும்தானே வெட்டுற?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. திரும்பும் வழியெல்லாம் என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு போனேன். ஒரு கதையைப் பின்னாலிருந்து படித்துவிட்டு ஒரு மனிதரை எடைபோடுவது நியாயமா? கொலைக் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் கொலைகாரர்களா? ஆனால் அறைந்தது கதையில் இல்லை, ரோட்டில். இப்படி மாறி மாறி யோசித்துத் தலைவலிதான் மிச்சம். நிச்சயத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அவள் வாழப்போகிற வாழ்க்கை, நான் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் முறை என்று முடிவு செய்தேன்.

நான் பேசாமல் இருந்ததாலோ என்னவோ, அவள் யோசித்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள். "அவர்கிட்ட ஒண்ணு கேட்டேன்க்கா. கடைசி அத்தியாயத்துல வர்ற அந்த ஒருத்தனை மட்டும் வெட்டாம விட்டுடச் சொல்லுங்களேன்னு. சிரிச்சாரு. நீங்க கேட்டு வீரன் மாட்டேன்னு சொல்லுவானான்னாரு. மாத்தி எழுதித் தராராம்." அவள் குரல் தெளிந்திருந்தது. பார்த்தாயா என்று என்னைக் குத்திக் காட்டுகிற தொனியும் இருந்தது. அவர் நல்லபடியாக எழுதிவிட வேண்டுமே என்று நானும் மனதார ஆசைப்பட்டேன்.

மாற்றிய அத்தியாயம் அச்சகத்துக்கு வந்ததும், நான் படிக்காமலேயே உறையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் எடுத்துக்கொண்டு போனேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். தங்கை காகிதக் கட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ சொல்ற மாதிரியே கடைசியிலேர்ந்து படிக்கிறேன். அப்பவாவது நம்புவியா பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே கடைசித் தாளை எடுத்து வாய்விட்டுப் படித்தாள்.

"அவன் கதவை வெளிப்புறமாகப் பூட்டினான். சாவியைக் கச்சையில் செருகிக்கொண்டான். இனி அவளுக்கு எந்த ஆபத்தும் இல்லை."

சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கு முந்தைய பத்தியை மனதுக்குள் படித்தாள். தாளை என் பக்கம் நகர்த்தினாள். அதில் வீரன், எதிரியை விட்டுவிடச் சொல்லி மன்றாடிய கதாநாயகியைக் கேட்டுக்கொண்டிருந்தான். "அவனுக்காக ஏன் மன்றாடினாய்? அவன் உனக்கு யார்?" நாயகி பதில் சொல்வதாக ஒரு வரியும் இல்லை. அதற்கும் முந்தைய தாளில், ஒரு கீறல்கூட இல்லாமல், எதிரி ஆற்றங்கரையோடு நடந்து போய்க்கொண்டிருந்தான். கேட்டபடியே அவனை விட்டுவிட்டிருந்தார்.

"இதுல பிழை ஏதும் இருக்காக்கா?" என்றாள்.

"எழுத்துப் பிழை இல்ல" என்றேன்.

காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்து அவரை அழைத்தாள். நான் கேட்க வேண்டும் என்றோ என்னவோ, ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"படிச்சிட்டீங்களா?" என்றார் அவர். அதே மெல்லிய குரல். "நீங்க சொன்னீங்கன்னு விட்டுட்டேன் பாருங்க. சந்தோஷமா?"

"படிச்சேங்க. அந்தக் கதவை எப்பங்க திறப்பான்?"

அவருக்கு உண்மையாகவே கேள்வி புரியவில்லை. "எதுக்குத் திறக்கணும்? அதான் அவனை உயிரோட விட்டாச்சே. வெளியில ஆபத்து இருக்குல்ல?"

நான் எழுந்தேன். தங்கை கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், மாடிப்படியில் நின்று பேசினாள். என்ன பேசினாள் என்பது கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. "வேணாம்னு சொல்லிட்டேன்க்கா. சரிங்கன்னு வெச்சிட்டாரு" என்றாள்.

சரி என்று சொன்னாராமே, அதை நான் எப்படி நம்புவது? எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மறுபடி வந்தால்? அவள் வேலை செய்யும் கடை அவருக்குத் தெரியும், வரும் பஸ் தெரியும். வாசகர் கூட்டத்துக்குப் போன அன்றே என்னையும் அவர்களுடைய வாட்ஸப் குழுவில் சேர்த்திருந்தார்கள். மாம்பழச்சாலையில் உங்கள் கதாசிரியர் ஒரு அப்பாவியை அறைந்ததைப் பார்த்தவள் நான் என்று தொடங்கி, இரண்டாம் மெய்ப்பில் பார்த்த முதுகுகள் வரை விடாமல் அடித்துக்கொண்டு போனேன். இனி எந்தப் பெண் வீட்டுக்கும் அவர் போகக் கூடாது. தங்கையின் நன்மைக்குத்தானே செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

தங்கை எனக்குப் பின்னால் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அவரு போயிட்டாருக்கா" என்றாள். "இப்ப நீ கூப்பிடப் போறியா?"

நான் அடித்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கைபேசியைக் கீழே வைத்தேன்.